குடைந்தவர் யார், குடைவித்தவர் யார்?

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் சென்ற தோழர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். புனேயைக் கடந்து லோனாவாலா வந்ததும் வண்டி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அங்கிருந்து கர்ஜத் வரை தக்காணப் பீடபூமியின் விளிம்பிலிருந்து கொங்கணச் சமவெளிக்கு இறங்கும் பாதை. ஒரு சுரங்கம், சற்றே வெளிச்சம், கீழே பள்ளத்தாக்கு, மீண்டும் ஒரு சுரங்கம் என்று இருளும் ஒளியும் மாறிமாறி வரும். மழைக்காலமானால் பாறைதோறும் அருவி. சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் பெட்டியிலுள்ள குழந்தைகள் கூச்சலிடுவார்கள். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தச் சரிவின் வழியாகத்தான் பம்பாய்க்குள் இறங்கினார்கள்.

இந்த மலைப்பாதைக்குப் போர் காட் என்று பெயர். 'காட்' என்றால் மராத்தியில் மலைச்சரிவு, கணவாய். 'போர்' என்பதற்கும் நம் மொழியின் போருக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் அங்கே ஒரு போர் நடந்தது. அதைப் பற்றியும், அந்தப் போரை அடுத்து இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைப் பற்றியுமே இக்கட்டுரை.

முதலில் ஓர் இலக்கணச் செய்தி. பழைய ரயில்வே நூல்களைப் படிப்போர் இந்தப் பாதையை அமைத்தவர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி என்னும் பொறியாளர் என்று அறிவர். ஃபேவியெல் என்னும் ஒப்பந்தக்காரர் சுரங்கங்களைக் குடைந்தார், அவருக்குப் பின் ட்ரெட்வெல் குடைந்தார் என்றும் படிப்பர். ஆங்கிலத்தில் இது இயல்பான வாக்கியம். தமிழில் பெயர்க்க உட்காரும்போதுதான் பேனா தயங்குகிறது. ஏனெனில் நம் இலக்கணிகள் கருத்தாவை இரண்டாகப் பிரித்து வைத்துள்ளனர்: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. கோயில் அரசனாலும் கட்டப்பட்டது, தச்சனாலும் கட்டப்பட்டது. அரசன் ஏவினான்; தச்சன் இயற்றினான். இருவரையும் ஒரே வேற்றுமை உருபு சுமக்கிறது என்றாலும் இருவரும் ஒருவரல்லர் என்பதை மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே ஆசிரியர் அடுத்த பாடத்துக்குச் செல்வார். தன்வினை, பிறவினை என்ற பாகுபாடும் அத்தகையதே. குடைந்தான் என்பது வேறு, குடைவித்தான் என்பது வேறு. இடையில் வரும் 'வி' என்னும் ஓர் எழுத்துக்குள் நாற்பதாயிரம் பேர் நிற்கிறார்கள்.

மன்னர்கள் கோயில்களைக் 'கட்டினார்கள்' என்று எழுதிப் பழகிய நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். அது கிடக்கட்டும்.

யாருக்காக இந்த மலை குடையப்பட்டது?

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 21 மைல் தொலைவு முதல் பயணிகள் ரயில் ஓடியது. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்னும் லண்டன் கம்பெனி அதை அமைத்திருந்தது. ஆனால் கடற்கரையோரம் ஓடும் ரயிலால் கம்பெனிக்கு என்ன பயன்? பருத்தி விளைவது மலைக்கு மேலே, தக்காணத்தின் கரிசலில். அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருந்த லங்காஷயர் ஆலை முதலாளிகள் மாற்று வழி தேடிக்கொண்டிருந்தனர். அதே ஆண்டு, அதே ஏப்ரல் மாதத்தில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி எழுதிய புகழ்பெற்ற குறிப்பில் ரயில் பாதைக்கான காரணங்கள் ஒளிவு மறைவின்றிச் சொல்லப்பட்டுள்ளன: படைகளை விரைந்து நகர்த்தலாம், இங்கிலாந்து கேட்கும் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரலாம், இங்கிலாந்தின் சரக்குக்குச் சந்தை திறக்கலாம். நம் நாட்டில் இன்று திட்ட அறிக்கைகள் எழுதுவோரைவிட டல்ஹௌசி நேர்மையானவர் என்றே சொல்ல வேண்டும்.

பருத்தி சமவெளிக்கு வர வேண்டுமானால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியாக வேண்டும். வடகிழக்கே நாசிக் நோக்கித் தால் காட், தென்கிழக்கே புனே நோக்கிப் போர் காட் என இரண்டு வழிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இரண்டில் கடினமானது போர் காட்.

இதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1849 இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ரயில் கம்பெனிக்கு நிலம் இலவசம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவிகித வட்டி உத்தரவாதம். ரயிலின் வருமானம் அதற்குக் குறைந்தால் குறைந்ததை இந்திய வருவாய் ஈடுகட்டும். அதாவது விவசாயியின் நிலவரி ஈடுகட்டும். லாபம் வந்தால் பங்குதாரருக்கு, நஷ்டம் வந்தால் நாட்டுக்கு. இன்று 'பொது-தனியார் கூட்டு' என்று புதுச் சரக்கைப் போல விற்கப்படுவது 175 ஆண்டுப் பழைய சரக்கு.

அதே 1853 ஆகஸ்டில்தான் நியூயார்க் டெய்லி டிரிபியூன் ஏட்டில் மார்க்சின் 'இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் வருங்கால விளைவுகள்' கட்டுரை வெளிவந்தது. ஆலை முதலாளிகள் தங்களுக்குத் தேவையான மூலப்பொருளை மலிவாக இழுத்துச் செல்வதற்கே ரயில் போடுகிறார்கள் என்பதில் மார்க்சுக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ரயில் தன்னோடு நவீன தொழிலைக் கொண்டுவரும், பரம்பரைத் தொழில் பிரிவினையின் மேல் நிற்கும் சாதியைக் கரைக்கும் என்று எதிர்பார்த்தார். அதன் பலனை இந்தியர் அறுவடை செய்ய வேண்டுமானால் இங்கிலாந்தில் பாட்டாளி வர்க்கம் ஆட்சிக்கு வர வேண்டும், அல்லது இந்தியர்களே அந்நிய நுகத்தை உதறியெறிய வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் வைத்தார். நம் கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி அமர்ந்துவிடுவோர் உண்டு. 1881 இல் டேனியல்சனுக்கு எழுதிய கடிதத்தில் அதே மார்க்ஸ், இந்தியர்களுக்குப் பயன்படாத ரயில்களுக்காக அவர்களிடமிருந்து ஆண்டுதோறும் உறிஞ்சப்படும் ஈவுத்தொகையைப் பற்றிக் கடுமையாக எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே மார்க்சைப் படிப்பது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் விழுகிறது போர் காட்.

கருங்கல்லும் கருமருந்தும்

பாதையின் மொத்த நீளம் 15 மைலுக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் அது ஏற வேண்டிய உயரம் 1,831 அடி. சில இடங்களில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வழியில் 25 சுரங்கங்கள், 8 பெரும் பாலங்கள். சுரங்கங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் இரண்டேகால் மைல் வரும். ஓரிடத்தில் மலையின் வடிவம் பாதையை வளைக்கவே இடம் தரவில்லை. அங்கே வண்டி ஒரு முட்டுப்பாதைக்குள் நுழைந்து நிற்கும்; எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவர்; பின்புறம் முன்புறமாகி வண்டி மேலே ஏறும். 'திருப்பு நிலையம்' எனப்பட்ட இந்த ஏற்பாடு அக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. பெர்க்லியின் திறமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் அந்த மலையை அளந்து திரிந்த அவர், 1862 இல், பாதை திறக்கப்படுமுன்பே, நாற்பத்துச் சொச்சம் வயதில் இறந்துபோனார்.

ஆனால் அளப்பது வேறு, உடைப்பது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கருங்கல். உளியைத் திருப்பியடிக்கும் கல். நோபெல் டைனமைட்டைக் கண்டுபிடித்தது 1867 இல். அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவி இந்த மலைக்கு வரவில்லை. ஆகவே போர் காட்டின் 25 சுரங்கங்களும் கைச்சுத்தியலாலும் கடப்பாரையாலும் கருமருந்தாலும் ஆனவை. ஒருவர் எஃகுக் கம்பியைப் பிடித்துத் திருப்ப, மற்றவர் சம்மட்டியால் அடிக்க, அங்குலம் அங்குலமாகப் பாறையில் துளை இறங்கும். துளையில் மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்துப் பற்றவைத்து ஓட வேண்டும். புகை அடங்குமுன் திரும்பி வந்து கல்லை வாரிக் கூடையில் ஏற்ற வேண்டும். கூடைகளைச் சுமந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தனர்.

நீண்ட சுரங்கங்களைக் குடையும்போது மேலிருந்து கிணறு போல இடையிடையே துளையிறக்கி, ஒரே நேரத்தில் பல முகங்களில் வேலை செய்வது வழக்கம். காற்றும் வரும், வேலையும் விரையும். போர் காட்டில் பல சுரங்கங்களின் மேல் மலை செங்குத்தாக உயர்ந்து நின்றதால் அதற்கு வழியில்லை. இரு முனைகளிலிருந்து மட்டுமே குடைந்து செல்ல வேண்டியிருந்தது. சில இடங்களில் சுரங்கத்தின் வாயை அடையவே வழி கிடையாது. மேலேயுள்ள பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் ஆட்களை இறக்கினர். கயிற்றில் தொங்கியபடியே முதல் துளையைப் போட்டவர் எவர் என்பது எந்த நூலிலும் இல்லை.

மழை தொடங்கினால் நான்கு மாதம் வேலை நின்றுவிடும். கூலியும் நின்றுவிடும். வறண்ட எட்டு மாதங்களில் சம்பாதித்ததைக் கொண்டு ஆண்டு முழுவதும் உயிர்வாழ வேண்டும். மலைச்சரிவில் ஓலையும் புல்லும் வேய்ந்த குடிசைகளில் பல்லாயிரம் பேர் நெருங்கிக் கிடந்தனர். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் வேறுபாடில்லை. காலராவும் காய்ச்சலும் வந்தபோது முகாம்கள் காலியாயின: ஒரு பகுதியினர் இறந்தனர், மற்றவர் ஊருக்கு ஓடினர். இறந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. இன்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறார்கள், எல்லாம் மதிப்பீடுகள். எத்தனை மைல், எத்தனை கெஜம், எத்தனை பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்த கம்பெனியின் பேரேட்டில் இந்த ஒரு பத்தி மட்டும் காலி.

கூலி என்னும் சொல்

யார் இவர்கள்? கொங்கணத்திலும் தக்காணத்திலும் நிலமிழந்தோர், நிலமே இல்லாதோர். மகர், மாங் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். கல்லுடைப்பதையும் மண்வெட்டுவதையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்டு குடும்பத்தோடு இடம்பெயர்ந்து திரிந்த வட்டர்கள். நம் ஊர்களில் ஒட்டர் என்றும் போயர் என்றும் அறியப்படும் உழைப்பாளிகளின் உறவினர்களே இந்த வட்டர்கள். பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட ரயில், தன் சுரங்கத்தைக் குடைய அந்தப் பரம்பரைத் தொழில் பிரிவினையையே பயன்படுத்திக்கொண்டது என்பதைச் சாதி குறித்து விவாதிக்கும் தோழர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆவணங்கள் இவர்களை 'கூலி' என்றே குறிக்கின்றன. ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல் நம் தமிழிலிருந்து சென்றது என்பது அறிஞர்களில் ஒரு சாராரின் கருத்து. அது உண்மையாயின், உழைப்புக்குக் கொடுக்கும் விலையின் பெயர், கடல் கடந்து போய்த் திரும்பும்போது உழைப்பவனின் பெயராகிவிட்டது. போர் காட்டில் நடந்ததோ அதனினும் விசித்திரம். அங்கே கூலி என்று அழைக்கப்பட்டவனுக்குக் கிடைக்காமற்போன ஒன்று அந்தக் கூலியே.

ஏற்பாடு இப்படி இருந்தது. லண்டன் கம்பெனி வேலையை ஃபேவியெல் என்னும் ஆங்கிலேய ஒப்பந்தக்காரரிடம் விட்டது. பம்பாய்-தாணே பாதையை அமைத்ததில் பங்குபெற்றவர் இவரே. அவர் வேலையைத் துண்டு துண்டாக்கி உள்ஒப்பந்தக்காரர்களிடம் விட்டார். அவர்களுக்குக் கீழே ஆள் திரட்டும் முகாதம். நம் ஊர் மேஸ்திரி, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. உடைத்த கல்லை அளந்து கூலி. அளவுகோல் யார் கையில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மேலிருந்து வரும் பணம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, கீழ்ப்படிக்கு வரும்போது குறைந்தும் தாமதித்தும் வந்தது. சில வேளைகளில் வரவே இல்லை. கேட்டவர்களுக்கு வெள்ளை மேற்பார்வையாளர்களின் கைத்தடி பதில் சொன்னது.

1859 ஜனவரி 20 அன்று போர் காட் வெடித்தது. இம்முறை மருந்தினால் அல்ல. கூலி பாக்கியைக் கேட்டுத் திரண்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஐரோப்பிய மேற்பார்வையாளர்களுடன் மோதினர். ஐரோப்பியர் ஒருவர் உயிரிழந்தார். பெருங்கிளர்ச்சி நடந்து முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. பம்பாய் அரசு அஞ்சியதில் வியப்பில்லை. விசாரணை நடந்தது. கூலி பாக்கியே காரணம் என்பது அரசாங்கத்தின் சொந்த விசாரணையிலேயே வெளிப்பட்டது.

ஃபேவியெல் அந்த மார்ச் மாதத்திலேயே ஒப்பந்தத்தைக் கைவிட்டு விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக சாலமன் ட்ரெட்வெல் இங்கிலாந்திலிருந்து வந்தார். வந்த சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்று, ஆடம்சன், கிளவுசர் என்னும் இரு பொறியாளர்களை மேலாளர்களாக வைத்து வேலையை நடத்தி முடித்தார். அவருடைய காலத்தில், 1861 தொடக்கத்தில், மலையில் வேலை செய்தோர் எண்ணிக்கை 42,000 ஐ எட்டியது.

அண்மைக்காலமாக ஆலிஸ் ட்ரெட்வெல்லைப் பற்றிப் பலரும் வியந்து எழுதுகிறார்கள். விக்டோரியா காலத்துப் பெண் ஒருத்தி இத்தகைய பணியைத் தாங்கி முடித்தது வியப்புக்குரியதே, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ரயில்வே வரலாற்றில் பெண்ணின் பங்கு என்ற தலைப்பில் அவரோடு கதை முடிந்துவிடுகிறது. அதே சரிவில், அதே ஆண்டுகளில், இடுப்பில் பிள்ளையோடு தலையில் கல்லைச் சுமந்து இறங்கிய பெண்களும் பெண்கள்தாம். அவர்கள் இயற்றுதற் கருத்தாக்கள்.

கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம்

இனி, இக்கட்டுரை எழுதப்படுவதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

பம்பாய் மாகாண ரயில் பணிகளில் எழுந்த இத்தகைய கலவரங்களை அடுத்து 1860 இல் ஒரு சட்டம் வந்தது: அவ்வாண்டின் 9 ஆம் எண் சட்டம். ரயில், கால்வாய் முதலிய பொதுப்பணிகளில் வேலை கொடுப்போருக்கும் வேலையாட்களுக்கும் இடையே எழும் தகராறுகளை மாஜிஸ்திரேட்டு விரைவாகத் தீர்ப்பதற்கான சட்டம். தொழில் தகராறு என்னும் கருத்து இந்தியச் சட்ட ஏட்டில் நுழைந்த முதல் வாசல்களில் ஒன்று என இதைச் சிலர் பாராட்டுவர். கூலி கிடைக்காத தொழிலாளி மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டுப் பாக்கியைப் பெறலாம் என்று அது சொன்னது உண்மை. ஆனால் அதே சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையைவிட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறையில் அடைக்கலாம் என்றும் சொன்னது.

தராசைக் கவனியுங்கள். முதலாளி கூலி தராவிட்டால் அது கடன், வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளி உழைப்பைத் தராவிட்டால் அது குற்றம், சிறை. ஃபேவியெலும் ஒப்பந்தத்தை நடுவில் விட்டுச் சென்றவர்தாம். அவர் சிறைக்குச் செல்லவில்லை. செல்ல வேண்டும் என்று எவரும் கருதவுமில்லை. ஒரே மலை, ஒரே வேலை, ஒரே ஒப்பந்தச் சங்கிலி. அதன் மேல்முனையில் இருந்தவர் விலகினால் அது வணிகம். கீழ்முனையில் இருந்தவன் விலகினால் அது குற்றவியல்.

இது தனித்து நின்ற சட்டமும் அன்று. முந்தைய 1859 ஆம் ஆண்டிலேயே முன்பணம் வாங்கிய வேலையாட்கள் ஒப்பந்தத்தை மீறினால் தண்டிக்கும் 13 ஆம் எண் சட்டம் வந்திருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும், நம் நீலகிரி, வயநாட்டுத் தோட்டங்களிலும் தொழிலாளர்களைக் கட்டிப்போட்ட கயிறு அந்தச் சட்டம். 1860 இன் இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே வகைப் பிரிவுகள் இடம்பெற்றன. 1859 சட்டம் நீங்க 1925 வரையும், போர் காட்டை அடுத்து வந்த சட்டம் நீங்க 1932 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையே ஏஐடியுசி பிறந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் 1928 இன் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதே கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தொழிலாளர்கள் 1930 இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். லண்டனிலிருந்து வந்த ராயல் கமிஷன்கூட இந்தச் சட்டம் இனிச் செல்லாது என்று சொல்லும் நிலை உண்டானது இவ்வாறுதான்.

போர் காட் பாதையை 1863 ஏப்ரல் 21 அன்று பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃபிரேர் திறந்துவைத்தார். விழாப் பேச்சில் தொழிலாளியையும் அவர் நினைவுகூர்ந்தார். தன் உழைப்புச் சக்தி மதிப்புள்ள ஓர் உடைமை என்பதை இந்தியக் கூலியாள் வரலாற்றில் முதன்முறையாக உணர்ந்திருக்கிறான் என்பது அவர் சொன்னதன் சாரம். 'மூலதனம்' முதல் பாகம் வெளிவர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன; கவர்னர் பெருமகனாரோ உழைப்புச் சக்தியை உடைமை என்று கண்டுசொல்லிவிட்டார்! உடைமை என்றால் உடையவன் அதை விரும்பியவருக்கு விற்கலாம், விரும்பாதவருக்கு மறுக்கலாம். மறுத்தால் சிறை என்ற சட்டம் அப்போது மூன்றாவது ஆண்டாக நடைமுறையில் இருந்தது. விழா மேடையில் அதை எடுத்துச்சொல்ல யாருமில்லை. சொல்லத் தகுந்தவர்கள் மேடையில் இல்லை.

நான்கே ஆண்டுகளில், 1867 இல், பாதையின் பெரும் பாலங்களில் ஒன்றான மாவ்-கி-மல்லி இடிந்து விழுந்தது. கட்டுமானம் தரமற்றது என்பது அப்போது தெரிந்தது. 5 சதவிகித வட்டிக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை. 1871 இல் இந்தப் பாதை ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயுடன் இணைந்தது; பம்பாயும் சென்னையும் ஒரே தண்டவாளத்தில் கோக்கப்பட்டன.

இன்றைய தராசு

தொழிலாளர் சட்டங்கள் 29 ஐ நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் கொண்டுவரப்பட்ட நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. இவற்றைப் பற்றி நம் ஏட்டில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. முழுவதையும் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. 1860 இன் தராசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பிரிவுகளை நிறுத்துப் பார்ப்போம்.

ஊதியத் தொகுப்பின்படி, கொடுக்க வேண்டிய ஊதியத்தைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு முதல் குற்றத்துக்கு அபராதம் மட்டுமே. உச்சவரம்பு 50,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்து தண்டிக்கப்பட்டால்தான் சிறை என்ற பேச்சே எழும். தொழிலுறவுத் தொகுப்பின்படியோ, சட்டவிரோதம் எனக் கூறப்படும் வேலைநிறுத்தத்தில் இறங்கும் தொழிலாளிக்கு முதல் முறையே ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். எது சட்டவிரோதம்? எந்த நிறுவனமானாலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி நிறுத்தினால் சட்டவிரோதம். பாதிப் பேர் ஒருசேர விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. சம்பளம் வரவில்லை என்று சம்பள நாளன்று வேலையை நிறுத்துபவன் குற்றவாளி. சம்பளத்தைத் தராதவர் அபராதம் கட்ட வேண்டியவர்.

இவற்றில் சில பழைய சட்டங்களிலும் இருந்தவைதானே என்று ஆளும்கட்சி நண்பர்கள் கேட்பார்கள். இருந்தவைதான். அதனால்தான் 1859 ஜனவரி வரை போக வேண்டியிருக்கிறது. வெள்ளையர் காலத்துச் சட்டங்களை ஒழிக்கிறோம் என்று முழங்கிக்கொண்டு வந்தவர்கள், ஒழித்தவற்றுள் இந்தச் சாய்வு இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்ததை 50 ஆக உயர்த்தியது புதியது. 49 பேர் கொண்ட முகாதம் இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சுரங்க வேலை எப்போதும் இத்தகைய சிறு கூட்டங்களாகப் பிரித்துக் கொடுக்கப்படும் வேலை என்பதைத் தொழிலை அறிந்தவர்கள் அறிவார்கள்.

2023 நவம்பர் 12 அன்று உத்தரகாண்டின் சில்க்யாராவில் சாலைச் சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினர். தீபாவளி நாள். ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். இவ்வளவு நீளமான சுரங்கத்துக்கு அவசர வெளியேற்றப் பாதை அமைக்கப்பட்டிருக்கவில்லை. 17 நாட்கள் தொலைக்காட்சிகள் இயந்திரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. இயந்திரம் முறிந்தபின் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் உள்ளே தவழ்ந்துபோய்க் கையால் குடைந்து அவர்களை வெளியே கொண்டுவந்தனர். சட்டத்தால் தடைசெய்யப்பட்ட, அவமதிப்போடு பேசப்பட்ட ஒரு வேலையைச் செய்துவந்தவர்கள் அவர்கள். நாடு ஒருநாள் அவர்களைக் கொண்டாடியது. 1863 க்கும் அதற்கும் இடையே ஒரு முன்னேற்றம் உண்டு என்றால், இயற்றுதற் கருத்தாக்களின் முகத்தை அந்த ஒருநாள் நாடு பார்த்தது என்பதே.

போர் காட்டின் திருப்பு நிலையம் இன்று பயன்பாட்டில் இல்லை. 1920 களின் இறுதியில் பாதை மின்மயமானபோது புதிய தடம் அமைத்து அதைக் கைவிட்டனர். பழைய சுரங்கங்கள் சிலவற்றில் புதர் மண்டிக் கிடக்கிறது. மற்றவற்றின் வழியே நாளும் வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கோடையின் இறுதியிலும், மழை தொடங்குமுன், மத்திய ரயில்வேயின் மலைக் குழுத் தொழிலாளர்கள் சுரங்கங்களுக்கு மேலேயுள்ள சரிவுகளில் ஏறுகிறார்கள். ஈரத்தில் கழன்று தண்டவாளத்தில் விழக்கூடிய பாறைகளைத் தேடிக் கண்டு, கடப்பாரையால் நெம்பித் தள்ளுகிறார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தொங்கியபடியே அந்த வேலையைச் செய்கிறார்கள்.